கவிழ்ந்தால் தெரியும் விளம்பரம்

ஸ்பீக்கர் பெட்டிக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ரேஸ் கார் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்குத் தன் பெயரே மறந்துபோகும். அந்தக் காரின் மேல் ஸ்பீக்கர் கம்பெனிக்காரன் எதற்காக விளம்பரம் ஒட்டுகிறான்? பெரிய கம்பெனியானால் கொழுப்பு என்று விட்டுவிடலாம். ஒட்டுகிறவர்கள் எல்லாம் இவரைப் போல வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, பலகை அறுத்து, காந்தம் பொருத்தி, மாதம் நாலு ஸ்பீக்கர் விற்கிற பொடிக் கம்பெனிகள்.

டிவியில் ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனைவியிடம் கேட்டார்.

"ஏன் ஒட்டறாங்கன்னு எனக்குப் புரியல. ஆனா நாமளும் ஒட்டிடணும்."

"ஏன்னு புரியாமலேயேவா?"

"ஒட்டினாத்தானே புரியும்!"

"என்னைக் கட்டிக்கிட்டதும் இதே கணக்குலதானா?"

பெட்டிக்காரர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

"இங்க பாருங்க. என் தம்பி வண்டிப் பக்கமே போகக் கூடாது. அவன் ரேஸ் ஓட்டறதே எனக்குப் பயம். அவன் கிளம்பிப் போய்த் திரும்பி வர்றவரைக்கும் எனக்கு உயிர் உயிரா இருக்காது. இதுல நீங்க வேற கொம்பு சீவி விடாதீங்க."

"சேச்சே!" என்றவர், மறுநாள் காலையில் மச்சானின் ஷெட்டில் நின்றார்.

மச்சான் ஓட்டுவது மண் பாதை ரேஸ். காரின் மூக்கில் எண்ணெய்க் கம்பெனி, கதவில் டயர்க் கம்பெனி, கூரையில் ஒரு பெயின்ட் கம்பெனி. கண்ணாடி துடைக்கிற குச்சியைக்கூட எவனோ பிடித்துவிட்டான். பெட்டிக்காரர் காரை மூன்று சுற்றுச் சுற்றிவந்தார்.

"மாப்ள, ஒரு சாண் இடம்கூட இல்லையா?"

"ஒண்ணு இருக்கு மாமா. வண்டிக்கு அடில."

"அடில ஒட்டினா யாருப்பா பாப்பாங்க? எறும்பா?"

"நான் ரெண்டு ரேஸுக்கு ஒருதரம் கவுந்துருவேன் மாமா. கவுந்தா கேமராக்காரன் பூரா அங்கதான் ஓடி வருவான். அப்ப எண்ணெய்க்காரன் பேரு மண்ணுல கிடக்கும். உங்க பேரு வானத்தைப் பாத்து நிக்கும்!"

பெட்டிக்காரருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. பதிலுக்குக் காருக்குள் பேசிக்கொள்ள இரண்டு வயர்லெஸ் ஹெட்போன் மைக், பந்தயம் முடிகிற இடத்தில் வைக்க ஆளுயர ஸ்பீக்கர்கள் என்று பேச்சு முடிந்தது. கையோடு கொண்டுபோயிருந்த தகட்டைக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து அவரே பொருத்தினார். கம்பெனிப் பெயரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் ஜொலித்தன.

அன்று முதல் அவர் மச்சான்மேல் வைத்த அன்பு இருக்கிறதே, பெற்ற தாய் தோற்றாள். போட்டிக்கு முந்தின தினம் அவன் சாப்பிட வந்தான். பெட்டிக்காரர் தானே பரிமாறினார். பரிமாறினவர் சும்மா இருக்கக் கூடாதா? தவளை தன் வாயால் கெடும்.

"மாப்ள, போன ரேஸ்ல நீ கவுரலையே?"

"இல்ல மாமா."

"அப்ப இந்தத் தடவை உண்டு. நல்லா சாப்புடு."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது. தம்பியைப் பார்த்தாள். தம்பி தட்டைப் பார்த்தான். அவள் கை விளக்கை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் பெட்டிக்காரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

காலையில் மைதானத்தில் ஸ்பீக்கர்களை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவரிடம் மனைவி ஒரு ஹெல்மெட்டை நீட்டினாள்.

"தம்பி பக்கத்துல உக்காந்து வழி சொல்றவருக்குக் கழுத்துப் பிடிச்சுக்கிச்சாம். நீங்க ஏறுங்க."

"நானா? எனக்கு வழி தெரியாதே!"

"அவருதான் எல்லாம் அட்டைல எழுதிக் குடுத்திருக்காரு. படிச்சாப் போதும். ஆள் இல்லாட்டி வண்டி ஓடாது. வண்டி ஓடாட்டிக் கவுராது. கவுராட்டி உங்க பேரு?"

பெட்டிக்காரருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். மறுக்கவும் முடியாது, மறுப்புக்குக் காரணம் சொல்லவும் முடியாது. ஏறி உட்கார்ந்தார்.

முதல் வளைவில் அட்டை ஜன்னல் வழியாகப் பறந்தது.

"மெதுவா மாப்ள! மெதுவாடா! ஐயோ, மரம்! அது மரம்டா!"

"மரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாமா."

"நாமளும் அந்தப் பக்கம்தான்டா போறோம்! கவுத்துராத சாமி! எனக்கு விளம்பரமும் வேணாம், ஒரு வெங்காயமும் வேணாம்! அம்மாடி!"

மச்சான் காலை அழுத்தும்போதெல்லாம் இவர் அவன் தொடையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் எவன் வேகம் போவான்? கார் எங்கும் கவிழவில்லை. சாயக்கூட இல்லை. கடைசியாக, மிகப் பத்திரமாக, எல்லையைத் தொட்டது.

அப்போதுதான் பெட்டிக்காரர் கவனித்தார். முதலில் வந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் முழுக்க இவர்கள் காரைச் சுற்றி நின்று கை தட்டியது. "அம்மாடி!" என்று ஒருவன் கத்த, "அது மரம்டா!" என்று நூறு பேர் பதில் சொன்னார்கள்.

மனைவி ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒயர்களோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கழுத்துப் பிடித்த ஆசாமி. பெட்டிக்காரரைக் கண்டதும் அவன் கழுத்தை வெட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிடித்த கழுத்து திரும்புகிற திருப்பமா அது?

"என்னடி பண்ணி வெச்சே?"

"வண்டிக்குள்ள பேசறதை ஸ்பீக்கர்ல குடுத்தேன். நம்ம மைக்குல பெருமூச்சு விட்டாக்கூடக் கேக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க? நிஜமான்னு எனக்கும் ஒரு சந்தேகம்."

"மானம் போச்சே!"

"தம்பி முழுசா வந்துட்டான். எனக்கு அது போதும். அடுத்த ரேஸுக்கும் உங்க பேரைக் குடுத்துட்டேன்."

பெட்டிக்காரர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஷெட்டின் ஓரத்தில் பலகைத் தூளுக்கு நடுவே உட்கார்ந்து, ஏற்கெனவே வழவழவென்று இருந்த பெட்டியையே தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. ஸ்பீக்கர் வேண்டுமாம். அவர் காதைத் தீட்டிக்கொண்டார். ரேஸ் காருக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவழியாகப் புரிந்துவிட்டது. சட்டையை இழுத்துவிட்டு, முதலாளிக் களையோடு எழுந்தார்.

அதற்குள் மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க. இவங்க கேட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குவாங்களாம். ஒருதரம் அலறிக் காட்டுங்க."