கண்ணைக் கட்டிக்கொண்டு எலி பிடித்தேன்

உலகத்திலேயே சிறந்த மவுஸை வாங்காமல் ஓய்வதில்லை என்று ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை நான் பல் தேய்க்கும்போதுதான் எடுப்பது. வாயில் நுரை இருப்பதால் மனைவியிடம் உடனே சொல்ல முடியாது. முடிவு கொஞ்ச நேரமாவது உயிரோடு இருக்கும்.

காரணம், முந்தின நாள் சாயங்காலம் நான் செத்துப்போனேன். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். சுட்டவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். விளையாட்டில் அவர் பெயர் பல்லவன், என் பெயர் புயல். பகலெல்லாம் அடுத்தவர் வாயைப் பிளந்து பார்க்கிற மனிதர், சாயங்காலம் என்னை வாய் பிளக்க வைத்துவிட்டார். நான் சரியாகத்தான் குறி பார்த்தேன். குண்டு ஒரு நூல் தள்ளிப் போனது. குற்றம் கையில் இல்லை, கைக்குள் இருந்ததில்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. விபத்து நடந்துவிட்டது என்று பணம் கேட்டு வருகிறவர்களை நம்பாமல் இருப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கடை எரிந்துபோச்சு என்பார்கள். நான் போய்ப் பார்த்து, எரிந்ததா எரித்ததா என்று சொல்வேன். என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

என் மனைவி கட்டட வரைபடம் வரைகிறவள். ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வேலை. அவள் வரைவாள், அவர் கையெழுத்துப் போடுவார், பெயர் அவருக்குப் போகும். அப்படிப்பட்டவளுக்கு முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வேலை கிடைத்திருந்தது. ஒரு கால்நடை மருத்துவர் புதிதாக மருத்துவமனை கட்டப் போகிறார், வரைபடம் இவள் பொறுப்பு. அதை அலுவலகம் முடிந்து வந்து வீட்டில்தான் வரைய வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். சாயங்காலங்களில் அதில் நான் நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். அன்று நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்ததும் அவள் முந்திக்கொண்டாள்.

"என்னங்க, டாக்டர் வரைபடம் எப்போன்னு கேக்கிறார்."

"எந்த டாக்டர்?"

"மாட்டு டாக்டர்."

"மாடு காத்திருக்கும். போர் காத்திருக்காது."

"போன வாரமும் இதே போர்தானே?"

"அது வேற போர். அதுல பாலம் இருந்தது."

"இதுல என்ன இருக்கு?"

"பாலம் இல்ல."

அவள் பெருமூச்சு விட்டாள். நான் மவுஸ் விஷயத்தை அறிவித்தேன். அவள் எதிர்க்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எதை வாங்கினாலும் எனக்கும் வரையத் தோதா இருக்கணும்." சரி என்றேன். விளையாட்டுக்கு வாங்கப்படும் பொருளால் வீட்டு வேலையும் நடக்கும் என்றால் நடந்துவிட்டுப் போகட்டும் என்கிற பெருந்தன்மை.

மவுஸைத் தமிழில் சுட்டி என்கிறார்கள். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி. எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் சுட்டிகள்தான். ஒன்றுகூடச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதலில் வந்தது வயிற்றிலும் முதுகிலும் விளக்கு எரிகிற ரகம். ஏழு நிறத்தில் மின்னி மின்னி, சர்க்கஸ் கூடாரத்துக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. அடுத்தது, எடை குறையட்டும் என்று உடம்பெல்லாம் ஓட்டை போட்டது. சல்லடையைப் பிடித்துக்கொண்டு எந்த வீரன் சண்டைக்குப் போவான்? அதற்கடுத்ததில் பக்கவாட்டில் மட்டும் பன்னிரண்டு பொத்தான். மனைவி அதை வைத்து ஒரு சுவர் வரையப் போனாள். கட்டைவிரல் எதிலோ பட்டு, மாட்டு மருத்துவமனையில் மாடு நுழைகிற வாசலே காணாமல் போனது.

ஒவ்வொன்றாகக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் பொறுமைசாலி போல நடித்தார்.

"இதுல என்ன குறை சார்?"

"இதை மவுஸ்னு நீங்க சொன்னதுதான் குறை."

"எல்லாரும் விரும்பி வாங்குறாங்களே சார்."

"எல்லாரும் வாங்குறதுதான் ரெண்டாவது குறை."

கடைசியில் அவர் அலமாரிக்குப் பின்னாலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே அச்சு, மூன்றுமே ஒயர் என்கிற வால் இல்லாத ரகம். வெள்ளை வீட்டு உபயோகத்துக்கு. சாம்பல் நிறம் அலுவலகத்துக்கு. கறுப்பு விளையாட்டுக்கு. வடிவம், எடை, சத்தம் எல்லாம் ஒன்று. வயிற்றுக்குள் இருந்து அசைவைப் பார்க்கிற கண் மட்டும்தான் வேறு. அந்தக் கண்ணுக்காகக் கறுப்பின் விலை வெள்ளையைப் போல மூன்று மடங்கு.

"மூணையும் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க சார். பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொண்டாந்து குடுங்க. அப்புறம் வேற கடை பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து கறுப்பைக் கையில் பிடித்ததும் தேடல் முடிந்தது என்று தெரிந்தது. என் கைக்கு அடக்கமாக அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். மனைவி மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"மூணும் ஒரே மாதிரிதானே இருக்கு? வெள்ளையே போதும்."

"கண்ணுக்கு ஒரே மாதிரி. கைக்கு வேற."

"உள்ள இருக்கிற கண்ணு வெளிய இருக்கிற கைக்கு எப்படிங்க தெரியும்?"

"உன் கைக்குத் தெரியாது. என் கைக்குத் தெரியும்."

"நிறத்தைப் பாத்துட்டுச் சொல்றீங்க."

"என் கண்ணைக் கட்டிட்டுக் குடு. எது கறுப்புன்னு தொட்டுச் சொல்றேன்."

இதைச் சொன்ன வாயைப் பல் டாக்டர் அப்போதே தைத்திருக்க வேண்டும். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சொல்றீங்களா? சரியாச் சொன்னா கறுப்பையே வச்சுக்குவோம். இனிமே தினமும் சாயங்காலம் மேஜை உங்களோடது, நான் வாயே திறக்க மாட்டேன். தப்பாச் சொன்னா?"

"சொல்ல மாட்டேன்."

"சொன்னா?"

"சொன்னா சாயங்காலம் உன்னோடது. எந்த மவுஸ் யாருக்குன்னும் நீயே முடிவு பண்ணிக்கோ."

மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். அவள் அலுவலகம் போனதும் கண்ணை மூடிக்கொண்டு பயிற்சியில் இறங்கினேன். மூன்றையும் கலைத்துப் போட்டு, ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் உணர்ந்து, இதுதான் கறுப்பு என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறப்பேன். சாம்பல் நிறம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். திரும்பக் கலைப்பேன். வெள்ளை சிரிக்கும். ஒருமுறை தவறுதலாக என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பிடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அதிலும் ஒரு வேகம் இருந்த மாதிரிதான் பட்டது.

ஆகவே மூளைக்கு வேலை கொடுத்தேன். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, கறுப்பு மவுஸின் அடிப்பக்க ஓரத்தில், மோதிர விரல் நுனி படுகிற இடத்தில், கடுகளவுக்கு ஒரு சொட்டு விட்டேன். ஆறியதும் தடவிப் பார்த்தேன். பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரியும். எத்தனை மோசடிகளைக் கண்டுபிடித்தவன் நான். ஒன்றைச் செய்யத் தெரியாதா?

சாயங்காலம் மனைவி வந்ததும் வாசலிலேயே நின்றாள்.

"ஏதோ புகைஞ்ச வாசனை வருதே?"

"பக்கத்து வீடு."

"பல் டாக்டர் வீட்டுலயா?"

"யாருக்காவது பல்லை எடுத்திருப்பார். சூடா எடுத்திருப்பார்."

அவள் மேஜையைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். எதிரே நிற்பவர் பேசாமல் போனால் நம்பிவிட்டார் என்று நான் என் தொழிலில் எடுத்துக்கொள்வதே கிடையாது. மனைவி விஷயத்தில் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் கூட்டம். பல் டாக்டரை நடுவராக நானே கூப்பிட்டிருந்தேன். நான் தோற்பதை வேடிக்கை பார்க்கலாம் என்று அவர் ஆசையாக வந்தார். ஊரிலிருந்து மாமியாரும் வந்து சேர்ந்தார். மனைவி தன் துப்பட்டாவை நாலாக மடித்து என் கண்ணைக் கட்டினாள். நன்றாக இறுக்கினாள். மனதில் இருந்ததையெல்லாம் சேர்த்து இறுக்கின மாதிரி இருந்தது.

மாமியார் குரல் கேட்டது. "மாப்பிள்ளைக்குக் கண்ணுல ஏதாவது ஆபரேஷனா?"

"இல்லம்மா. மவுஸ் வாங்குறார்."

"கண்ணைத் திறந்துக்கிட்டு வாங்கினா குடுக்க மாட்டேங்கிறாங்களா?"

"அத்தை, இது உங்களுக்குப் புரியாது," என்றேன்.

"ஆமா மாப்பிள்ளை, புரியலை," என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

"சார், நான் எதையும் தொடலை," என்றார் பல் டாக்டர். "உங்க வீட்டம்மாதான் மூணையும் வரிசையா வச்சிருக்காங்க. ஆரம்பிங்க."

கையை நீட்டினேன். இடது ஓரத்தில் இருந்தது முதலில் தட்டுப்பட்டது. உள்ளங்கையில் பொத்தி, மோதிர விரலை மெதுவாக அடியில் விட்டேன். கடுகு இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் என்னைச் சுட்டவர். மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். காது பக்கத்தில் வைத்துக் கேட்டேன். லேசாக முகர்ந்தும் பார்த்தேன்.

"மத்த ரெண்டையும் தொட்டுப் பாக்கலையா சார்?" என்றார் பல் டாக்டர்.

"எதுக்கு? முத்தைக் கையில எடுத்த பிறகு கிளிஞ்சலை எண்ணிக்கிட்டு உக்காருவாங்களா?"

"அவ்வளவு உறுதியா?"

"டாக்டர், நீங்க பல்லைத் தொட்டே சொத்தையான்னு சொல்றீங்க இல்ல? அந்த மாதிரிதான். இதோட நடையைப் பாருங்க. தயங்குறதே இல்ல. இதை வச்சுக்கிட்டு ஒரு கோடு போட்டா அந்தக் கோடு நடுங்காது. வீட்டு உபயோகம்னு வெள்ளையா ஒண்ணு விக்கிறான் பாருங்க, அது மவுஸே இல்ல. சோப்புக்கட்டிக்குப் பொத்தான் வச்ச மாதிரி. அதைத் தொட்டா என் கை கூசும். இது இருக்கே, இதுதான் மவுஸ். மத்ததெல்லாம் எலி."

யாரும் பேசவில்லை. பிரமித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மனைவி மட்டும் கேட்டாள்.

"இதுதான் உங்க முடிவா?"

"இதுதான் முடிவு. எழுதி வச்சுக்கோ."

கட்டை அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. பிறகு பல் டாக்டரின் முப்பத்திரண்டு பல்லும் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் என் கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது, வீட்டு உபயோகம்.

அடுத்த நிமிஷம் நான் பட்ட பாடு எந்த விரோதிக்கும் வரக்கூடாது. இதில் மெழுகு இருக்கக் கூடாதே என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டேன். மெழுகு எங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? எத்தனை பேரை இதே கேள்வியில் நான் மடக்கியிருக்கிறேன். அவர்கள் முகமெல்லாம் அப்போது எப்படிப் போயிருக்கும் என்று முதல்முறையாகப் புரிந்தது.

"பல் ஏதாவது வலிக்குதா சார்?" என்றார் பல் டாக்டர், என் வாயையே பார்த்தபடி.

"இல்லை."

"மாப்பிள்ளை ஆசைப்பட்டதையே வாங்கிக் குடுத்திரு," என்று மாமியார் மகளிடம் சொன்னார். "எவ்வளவு பெருமையாப் பேசினார். பாவம்."

வாங்கிக் கொடுத்துவிட்டாள். சாம்பல் நிறம் கடைக்குத் திரும்பிப் போனது. வெள்ளை எனக்கு. கறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள்.

"உனக்கு வெள்ளையே போதும்னு சொன்னியே?" என்றேன்.

"கோடு நடுங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அன்று சாயங்காலமே மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். கறுப்பு மவுஸ் அவள் கையில் அலுங்காமல் போய் வந்தது. காணாமல் போயிருந்த வாசல் திரும்ப வந்தது. மாடு ஏறிவர ஒரு சரிவு வந்தது, நாய்களுக்கு ஒரு தனி அறை வந்தது. கீழே மூலையில், வழக்கமாகப் பொறியாளர் பெயர் இருக்கிற இடத்தில், அவள் தன் பெயரை அடித்தாள். அடித்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

கோபத்தைத்தான் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்த வெள்ளை மவுஸ் அடியில ஏதோ ஒட்டியிருந்த மாதிரி இருந்தது."

"மெழுகு," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"கறுப்புல நான் வச்சதை எடுத்து வெள்ளையில ஒட்டிட்டே. நீ பண்ணினது மட்டும் நியாயமா?"

"உங்க மெழுகை நான் தொடவே இல்லைங்க. கறுப்புல அது பாட்டுக்கு இருந்தது. அதே மாதிரி மத்த ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரு சொட்டு வச்சேன், வெள்ளையை உங்க கை முதல்ல படுற இடத்துல வச்சேன், அவ்வளவுதான்."

"மூணுலயுமா இருந்தது?"

"மூணுலயும். நீங்க ரெண்டாவதைத் தொட்டுப் பாத்திருந்தா நான் அங்கேயே மாட்டியிருப்பேன்." அவள் நாய்கள் அறைக்கு ஒரு ஜன்னல் வைத்தாள். "ஆனா நீங்களாவது, தொட்டுப் பாக்கிறதாவது."