ஜெனரேட்டர் விழவில்லை, தொங்கியது

குவார்ட்ஸைட், அரிசோனா
ஜனவரி 19

பெருமதிப்பிற்குரிய மச்சான் மெரிட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நடீனின் கணவன் வெர்லின் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் நடீனும் ட்ரெய்லரும், ஒரு வெல்டிங் போக, ஒரே துண்டாக இங்கே வந்து சேர்ந்தோம். கான்சாஸில் உங்கள் மூட்டுவலியும் வாசல் பனியும் ஒன்றாகக் குறைய வேண்டும் என்பது என் விருப்பம்.

நலம் விசாரிக்க மட்டும் எழுதவில்லை, ஒரு தீர்ப்பு வேண்டும். நீங்கள் முப்பது வருடம் பள்ளிக்கூட பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர். பெற்ற மகனையே அவுட் கொடுத்து வெளியே அனுப்பியவர். விஷயம் இதுதான். புறப்படும் முன் நடீன் ஒரு நிபந்தனை போட்டாள். "வழியில இந்த வண்டியிலேர்ந்து ஒரே ஒரு சாமான் விழுந்தாலும் சரி, அப்படியே திரும்பிடணும். ட்ரெய்லரை வித்துடணும்." கைகொடுத்து ஒப்புக்கொண்டேன். நாற்பத்திரண்டு வருடம் பழைய டயர் விற்றவன் நான். கைகொடுத்த பேச்சை மாற்றியதில்லை. ஆனால் கடையை விற்று, படுக்கையும் அடுப்புமாக இழுத்துப்போகும் இந்த வீட்டு ட்ரெய்லரை வாங்கியதே, சாவதற்குள் ஒரு குளிர்காலத்தையாவது பாலைவனத்தில் முழுசாகக் கழிக்கத்தான். அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

நாங்கள் தங்கும் பக்கம் மின்கம்பம் கிடையாது, ஆகவே ஜெனரேட்டர். எடை நாற்பத்தைந்து கிலோ. ட்ரெய்லரை இழுக்கும் பிக்கப்பின் பின்பெட்டியில் வை என்று நீங்கள் சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அங்கே உங்கள் தங்கையின் நாற்காலிகள் ஏறிவிட்டன. ஆகவே ட்ரெய்லரின் பின்பக்கப் பம்பர்மேல் உட்காரவைத்தேன். அந்தப் பம்பர் வெறும் தகரக் குழல். கழிவுத் தொட்டியை வடிக்கும் வளையும் குழாயை உள்ளே சொருகி முனையில் மூடி போட்டு வைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அதன்மேல் பலகை வைத்து, நான்கு கவ்வி போட்டு முடுக்கி, இரண்டு பட்டை இழுத்துக் கட்டி, திருடனுக்காக ஒரு பூட்டுப் போட்டு, அதுவும் போதாமல் ஜெனரேட்டரின் சட்டத்திலிருந்து ட்ரெய்லரின் அடிச்சட்டத்துக்கு லாரிச் சங்கிலி ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு உதைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. டயர்க்காரனுக்கு அதைவிடப் பெரிய பரிசோதனை தெரியாது.

அரிசோனாவுக்குள் நுழைந்ததும் பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். என்ன அன்பான ஜனங்கள் என்று நானும் கையாட்டிக்கொண்டே வந்தேன். நடீன் தன் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் ஒருவன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து, "யோவ் பெரிசு! பின்னாடி பொறி பறக்குதுய்யா!" என்று கத்தினான். இறங்கிப் பார்த்தால், பம்பரின் இடது வெல்டிங் விட்டு, அந்த முனை பதினோரு மைல் ரோட்டைச் சாணை பிடித்திருக்கிறது. ஜெனரேட்டர் சங்கிலியில் தொங்குகிறது, பம்பர் ஜெனரேட்டரில் தொங்குகிறது. என் கவ்வி ஒன்றுகூட அசையவில்லை, மச்சான்! அவற்றுக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டேன். நல்லவேளை, ஜெனரேட்டருக்குப் பெட்ரோலைப் போய்ச்சேர்ந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று நடீன் சொல்லியிருந்தாள். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

"விழுந்தாச்சு," என்றாள் நடீன்.

"எங்கடி விழுந்துச்சு? தொங்குது! தொங்குறது வேற, விழுறது வேற."

"ரோட்டைத் தொட்டுச்சா இல்லையா?"

"வண்டியில ஒட்டிக்கிட்டுத்தானே தொட்டுச்சு!"

"வாயாடாதீங்க. மெரிட் அண்ணனுக்கு எழுதுங்க. அவர் சொல்றதுதான்."

எல்லாவற்றையும் கயிற்றால் கட்டி ஊர்ந்து வந்து சேர்ந்தோம். பக்கத்து ட்ரெய்லரில் ரோவீனா என்று ஓர் அம்மாள், எழுபது வயது, ரயில் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். குனிந்து பார்த்தார். "இது பம்பரா, புல்லாங்குழலா? டயர் வித்த ஆளுங்கிற, பாரம் எங்க உக்காரணும்னு தெரியாதா உனக்கு?" வெல்டிங் மெஷினை இறக்கினார். மின்சாரத்துக்கு எங்கே போவது என்று நான் விழித்தேன். "அதோ, உன் மாப்பிள்ளை சும்மாதானே உக்காந்திருக்கான்," என்று ஜெனரேட்டரைக் காட்டினார். பதினோரு மைல் தொங்கிவந்தது மச்சான் அது, புகைக்குழாய் வேறு நசுங்கியிருந்தது. பெட்ரோல் ஊற்றி, ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டு, அதன் ஸ்டார்ட் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் உறுமியது! ரோவீனா அம்மாள் அடிச்சட்டத்தோடு இரண்டு இரும்புக் கை சேர்த்து, அதில் ஒரு தொட்டில் கட்டி, அதிர்வுக்கு என் பழைய டயர்த் துண்டையே அடியில் கொடுத்து, புகை ஜன்னல் பக்கம் வராமல் திருப்பிவைத்து, பம்பரையும் பழையபடி ஒட்டினார். தன் ஆசனத்துக்குத் தானே மின்சாரம் கொடுத்துவிட்டு, அந்த இயந்திரம் அதில் ஏறி உட்கார்ந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். இயந்திரத்தை நிறுத்தியபோது வந்த அமைதி இருக்கிறதே, மலைவரைக்கும் ஒரு சத்தம் இல்லை. வெயிலில் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். நான் கேட்டுக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்ததில்லை.

ஆகவே, நடுவர் அவர்களே, தொங்கியது அவுட் ஆகாது என்று தீர்ப்பளித்து உடனே பதில் போடவும். மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் மறக்காதீர்கள். கடவுள் உங்கள் கூரையையும் எங்கள் சக்கரங்களையும் காப்பாராக.

தங்கள் அன்பு மைத்துனன்,
வெர்லின்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்று காலை கழிவுத் தொட்டியை வடிக்கலாம் என்று பம்பரைப் பார்த்தேன். முனையில் மூடி இல்லை. உள்ளே குழாய் இல்லை. பதினைந்து அடிக் குழாய், மச்சான், ரோட்டில் விழுந்திருக்கிறது. நான் தோற்றுப்போய் நிற்க, நடீன் கட்டிலுக்கடியிலிருந்து புதுக்குழாய் ஒன்றை எடுத்து நீட்டினாள். வந்த அன்றே சந்தையில் வாங்கியிருக்கிறாள். "பறந்ததைக் கண்ணாடியிலேயே பார்த்தேன். நெளிஞ்சு நெளிஞ்சு போய்க் கள்ளிச்செடியில மாட்டிக்கிச்சு, அழகா இருந்துச்சு." "அப்புறம் ஏண்டி அண்ணனுக்கு எழுதச் சொன்னே?" என்றேன். "தீர்ப்பு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கலாம்ல," என்றாள். ஆகவே அவசரம் வேண்டாம். அவுட் என்றே எழுதுங்கள், ஆனால் குளிர்காலம் முடிந்து மார்ச் மாதக் கடைசியில் தபாலில் போடுங்கள். அதுவரை வீட்டில் அவள் விட்டுவந்த பூந்தொட்டிகளுக்கு உங்களைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள்.