துவாங் ஆயர், புவாங் ஆயர்

'வகுப்பறைக்கு வெளியே நடத்தும் எந்தப் பாடத்துக்கும் பதினான்கு நாள் முன்னதாக, மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும்.' விதி இவ்வளவுதான். வேலைக்காலம் முழுவதும் நான் எந்த விதியையும் மீறியதில்லை. கடைப்பிடித்துத்தான் கெட்டேன்.

சிங்கப்பூர், அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலையை ஒட்டிய பள்ளி ஒன்றில் பாலர் வகுப்பு ஆசிரியர் நான். தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதம் இருந்தது. பள்ளியைப் பார்வையிடும் கல்வி அதிகாரி நல்ல அறிக்கை தந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாமாவின் மிளகாய்க் கிடங்கு. (மிளகாய் நெடி எனக்கு ஆகாது.)

திடலில் தகர டின்களை வைத்து, பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி விளையாடியே அளவு கற்க வேண்டும் என்பது என் திட்டம். மலாய்த் தேர்வில் முதல் நிலை தேறிய திமிரில் விண்ணப்பத்தை மலாயிலேயே எழுதினேன். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் நிறுத்து என்று விதியில் இல்லையே! பதினைந்தாம் நாள் டின்களை இறக்கினேன்.

அன்றே அதிகாரி வந்து நின்றார். நாகூர்ப் பக்கத்துக்காரர், தமிழும் மலாயும் தண்ணீர் பட்ட பாடு. மூக்கில் கைக்குட்டை. பின்னால் பெனாயில் வாளியோடு ஓர் ஆள்.

"ஆரம்பிச்சிட்டீங்களா தம்பி?"

"இப்பதான் சார். முப்பது பேரும் ஒண்ணாவே பண்றாங்க."

"ஒண்ணாவா! பொம்பளப் புள்ளைங்களுமா?"

"அவங்கதான் சார் நல்லா பண்றாங்க. சட்டையெல்லாம் நனைஞ்சிடுது, அதான் தொந்தரவு."

அவர் முகம் வெளிறியது. எட்டித் திடலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கைக்குட்டையை எடுத்துவிட்டு, என் விண்ணப்பத்தை நீட்டினார்.

"தண்ணி ஊத்துறது துவாங் ஆயர். நீங்க எழுதியிருக்கிறது புவாங் ஆயர். முப்பது புள்ளைங்க திடல்ல ஒண்ணுக்குப் போக, மூணு காப்பியில பர்மிஷன் கேட்டிருக்கீங்க லா!"

மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. மன்னிப்புக் கடிதத்துக்கும் மூன்று பிரதி வேண்டுமா என்று மனம் கணக்குப் போட்டது.

அதற்குள் பார்வதி என்ற ஐந்து வயதுச் சிறுமி டின்னோடு ஓடிவந்தாள். "சார், சின்ன டின்னுல நாலு ஊத்துனா பெரிய டின்னு ரொம்பிடும். அஞ்சாவது எங்க ஊத்த?" அவர் யோசிப்பதற்குள் அவர் காலணிக்குள்ளேயே ஊற்றிவிட்டாள்.

அறிக்கையில் இப்படி எழுதினார்: 'பிள்ளைகளுக்கு அளவு தெரிகிறது. ஆசிரியருக்கு மலாய் தெரியவில்லை. நிரந்தரமாக்கலாம்.'

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கழிவறைக்கு எழுந்தால், "மூணு காப்பி எழுதியாச்சா?" என்று என் மனைவி கேட்பாள்.

விண்ணப்பத்தின் மூன்றாம் பிரதி மட்டும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. 'அனுமதிக்கப்படுகிறது. பின்னர் பெனாயில் தெளிக்கவும்' என்ற பதில் என் கைக்கு வந்தது, என் மூத்த மகள் பாலர் வகுப்பில் சேர்ந்த திங்கட்கிழமை.