மாமனார் கோட்டைப் போட்டுக்கொண்ட காளை

சங்கரன்கோவில் வெயிலில் மாட்டுக்குக் கம்பளி போர்த்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரிடம் கம்பவுண்டராக மாட்டிக்கொண்டு முழித்தவனும் ஒருவன்தான், நான். ஐம்பதுகளில் எங்கள் மாட்டாஸ்பத்திரிக்கு வந்த அவருக்கு ஊர் வைத்த பெயர் போர்வை டாக்டர்.

மயக்க மருந்தைக் கையில் எடுத்தால் போதும், அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் ஆட்டுக்குச் சாக்கு, நாய்க்கு ஜமுக்காளம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் வைப்பது என் உத்தியோகம்.

"நமக்கே வேர்த்து ஊத்துது சார். இதுக்கு எதுக்குக் கம்பளி?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"மூளைக்குள்ள ஒரு சமையக்காரன் இருக்கான் வே. உடம்பு ஆறிச்சுன்னா நடுங்க வச்சுச் சூடேத்துவான். நம்ம மருந்து ரத்தத்தோட போயி அவனையும் தூங்க வச்சிருது. அப்ப அடுப்பை யாரு பாக்கது?"

கேட்ட பாவத்துக்கு என் வீட்டுப் போர்வையும் ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஒரு புரட்டாசியில் இளையரசனேந்தல் சம்சாரி ஒருவர் மயிலைக்காளையை ஓட்டிவந்தார். கொம்பில் புற்று. மானாவாரி நிலம், இருப்பது ஒரே ஜோடி. ஐப்பசி மழைக்குள் இது தேறாவிட்டால் அந்த வருஷம் விதைப்பு கிடையாது.

அன்று மூட்டமும் காற்றுமாக இருந்தது. மயக்கம் கொடுத்து, கொம்பை அறுத்துக் கட்டுப் போட்டாயிற்று. டாக்டர் கை கழுவப் போனார், நான் கத்திகளை அலசப் போனேன். திரும்பி வந்தால், சம்சாரி கிணற்றிலிருந்து நாலு வாளி இறைத்துக் காளைமேல் ஊற்றி முடித்திருந்தார்.

"மயங்கிக் கெடந்தா தண்ணி ஊத்தித்தானேய்யா எழுப்புவாக?"

போர்வையெல்லாம் தொப்பல். நூற்றொன்று இருக்கவேண்டிய சூடு தொண்ணூற்றேழு. டாக்டர் ஈரப் போர்வைகளை உருவி எறிந்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஒம்ம மாமனார் தச்சுக் குடுத்த கம்பளிக் கோட்டு எங்க வே?"

"பெட்டியில இருக்கு சார்."

"எடுத்துட்டு ஓடி வாரும்."

கல்யாணக் கோட்டு காளைமேல் ஏறியது. எதிர்க் கடையில் வெந்நீர் வாங்கி, மருந்துப் புட்டிகளில் அடைத்து, துணி சுற்றி விலாவில் அண்டக்கொடுத்தோம். டாக்டர் சட்டையைக் கழற்றி அதையும் போர்த்திவிட்டு, காளையின் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டார். "வயித்துப் பக்கம் நீரு படும்" என்றார். படுத்தேன். வேலிக்கு வெளியே கூட்டம் கூடியது. அதில் என் மாமனாரும் நின்றார்.

எவ்வளவு நேரம் கிடந்தோமோ தெரியாது. எனக்கு எரிச்சலான எரிச்சல். திடீரென்று காளையின் தொடை வெடவெடவென்று நடுங்கியது.

"சமையக்காரன் முழிச்சிட்டான் வே" என்றார் டாக்டர், கண்ணை மூடியபடியே. அதைச் சாவு நடுக்கம் என்று நினைத்துச் சம்சாரி தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதார். சாயங்காலம் காளை எழுந்து நின்றது, என் கோட்டோடு.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் எனக்கு ஆபரேஷன். மயக்கம் தெளியும்போது குளிரில் உடம்பு வெடவெடவென்று தூக்கித் தூக்கிப் போட்டது.

"டாக்டரைக் கூப்பிடும்மா" என்றேன்.

நர்ஸ் ஓடிப்போய் ஒரு டாக்டரைக் கூட்டிவந்தாள். நான் கேட்டது அவரை இல்லை.