ரூபாயில் அளக்க முடியாத உத்தியோகம்

‘சர்வதேச’ என்ற சொல் முன்னால் வந்துவிட்டால், பின்னால் வருவதை எங்கள் ஆட்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை. இது என் கல்யாணப் பேச்சில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை.

அப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு சர்வதேச தியான அமைப்பின் தேசிய இணைப்பாளர். பல நாடுகளில் கிளைகள், ஐரோப்பாவில் தலைமையகம், பதவியை அச்சடித்த விசிட்டிங் கார்ட் எல்லாம் இருந்தன. சம்பளம் மட்டும் இல்லை. தலைமையக அலுவலகத்தில் சிலரைத் தவிர, உலகம் முழுவதும் எல்லோரும் தொண்டர்கள்தான். காலி வீதி என்ற பெருந்தெருவுக்குப் பக்கத்துச் சின்ன ஒழுங்கையில் எங்களுக்கு ஒரு மாடி மண்டபம். அதைத் திறப்பது, கதிரை அடுக்குவது, ஃபேன் போடுவது, பிறகு பூட்டுவது எல்லாம் தேசிய இணைப்பாளரின் பொறுப்பு. (தேசம் முழுவதற்கும் அந்த ஒரு மண்டபம்தான்.) பாமன்கடையில் சில பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தேன். அது பஸ்ஸுக்கும் தேநீருக்கும் காணும். மிச்சமெல்லாம் அம்மாவின் பென்சன்.

அம்மா பொய் சொல்லவில்லை. தரகரிடம், “மகன் சர்வதேச ஸ்தாபனத்தில நஷனல் கோடினேற்றர்” என்றார்.

“அப்ப சம்பளம் டொலரிலயோ?” என்று தரகர் கேட்டார்.

அம்மா சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைத் தரகர் டொலராக மாற்றிக் கொட்டாஞ்சேனையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

கொட்டாஞ்சேனைப் பெண் தர்ஷினி, காப்புறுதிக் கம்பனியில் வேலை. கோயிலில் வைத்து ஒருமுறை பார்த்துக் கதைத்தோம். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. சம்பளத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது சர்க்கரைப் பொங்கலைப் பற்றிக் கதைத்துவிட்டு மூடிக்கொண்டது.

வேலையிடத்தை விசாரிக்காமல் எங்கள் ஆட்கள் பெண் கொடுக்க மாட்டார்கள். வழக்கமாகத் தெரிந்தவர் யாரிடமாவது காதோடு காதாகக் கேட்பார்கள். தர்ஷினியின் அப்பா ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், எதையும் நேரில் பார்க்கிற மனிதர். எங்கள் பொதுக்கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் தலைமையகத்து நிர்வாக சபையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மணி வந்திருந்தார். தலைப்பு, ‘எமது அமைப்பு எப்படி இயங்குகிறது?’ தமிழில் மொழிபெயர்ப்பவர், வேறு யார், நான்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. எங்களுக்கு ஆயுட்காலத் தலைவர் கிடையாது, சபையை நாடுகள் சேர்ந்து தெரிவு செய்யும், தவணை முடிந்தால் இறங்கிவிட வேண்டும் என்றார். கூட்டம் தலையாட்டியது. (வேறு சங்கங்களின் தலைவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்கள் ஆட்டவில்லை.) பயிற்சி முடித்தவர்கள் விரும்பிக் கொடுத்தால் மட்டும் வாங்குவோம், வெளியார் பணம் வேண்டாம் என்றார். அதையும் கம்பீரமாக மொழிபெயர்த்தேன்.

பிறகு அவர், “இந்தக் கிளையில் ஒருவருக்கும் சம்பளம் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

“இங்கே ஒருவரும் பணத்துக்காக வேலை செய்வதில்லை” என்றேன்.

அம்மணி என் தோளில் கை வைத்தார். “இதோ, இந்த இணைப்பாளர் இன்றுவரை ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை.”

“இணைப்பாளரின் சேவையை ரூபாயில் அளக்க முடியாது” என்றேன். (டொலரில் அளக்கிறார்கள் என்று யாராவது நினைத்தால் அதற்கு நானா பொறுப்பு?)

மண்டபம் சிரித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளவத்தையில் ஆங்கிலப் பேச்சைத் தமிழில் மொழிபெயர்ப்பது மரியாதைக்காக. அந்தக் கூட்டத்தில் ஆங்கிலம் விளங்காதவர் ஒருவருமில்லை. முன்வரிசையில் இருந்தவரோ காலமெல்லாம் ஆங்கிலத்தில் கடன் விண்ணப்பம் வாசித்து, ஆங்கிலத்திலேயே மறுத்தவர்.

சிரிப்பைக் கேட்டு அம்மணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, “உண்மையில் நீங்கள் எதை வைத்துத்தான் சீவிக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

நான் மைக்கைத் தட்டிப் பார்த்தேன். தர்ஷினியின் அப்பா எழும்பினார்.

“தம்பி, கடைசியாக் கேட்டதை நீங்கள் மொழிபெயர்க்கேல்லை.”

“ஓம் அங்கிள்.”

“மொழிபெயர்க்க வேண்டாம். பதிலைச் சொல்லுங்கோ.”

“அம்மான்ர பென்சன்” என்றேன். ஒருநாளும் ஒழுங்காக வேலை செய்யாத மைக், அன்றைக்கு வேலை செய்தது.

போகும்போது அவர், “வீட்டை போய்க் கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்” என்றார். அப்படிச் சொன்னவர்கள் திரும்பி வந்து சொன்னதாகச் சரித்திரம் இல்லை. தர்ஷினி கைநழுவிப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டே கதிரைகளை அடுக்கினேன். வீட்டில் அம்மா புட்டைத் தட்டில் வைத்துவிட்டு, “நான் சிரிச்சதுதான் பிழையாப் போச்சு” என்றார்.

அடுத்த கிழமை தர்ஷினியே எனக்குப் போன் எடுத்தாள்.

“அண்டைக்கு நானும் வந்தனான். பின்வரிசையில இருந்தனான்” என்றாள். நான் நின்ற இடத்திலேயே கதிரையைத் தேடினேன். “அப்பாவுக்கு விருப்பமில்லை. நான்தான் சொன்னனான், இந்தாளுக்கு இவ்வளவு பாடுபட்டும் ஒரு பொய் சொல்ல வரேல்லை, இப்பிடி ஒராளைக் கட்டினா எனக்குப் பயமில்லை எண்டு. ஆனா முதல்ல சம்பளம் வாற வேலை ஒண்டு பாருங்கோ.”

பார்த்தேன். தேயிலை ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் கணக்கு வேலை கிடைத்தது. கல்யாணமும் நடந்தது. மண்டபத்துக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரை அடுக்க மட்டும் போகிறேன்.

வீட்டில் மொழிபெயர்ப்பு தர்ஷினியின் பொறுப்பு. போன கிழமை பிந்தி வந்து, “பம்பலப்பிட்டியில சரியான ட்ரஃபிக்” என்றேன்.

எங்கள் மகள் தாயின் பக்கம் திரும்பி, “அம்மா, இதுக்கு என்ன மொழிபெயர்ப்பு?” என்று கேட்டாள்.

தர்ஷினி கறியைக் கிண்டிக்கொண்டே, “சிநேகிதர்மாரோட ரோல்ஸ் சாப்பிட்டுப்போட்டு வாறார்” என்றாள்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது: “ஆர் காசு குடுத்தது எண்டும் கேளுங்கோ.”