ஐந்து கட்டைவிரல்கள்

"மூணாவது மாடியில கதவு சாத்த மாட்டேங்குது" என்றான் ஸ்பேனர்.

"எந்த பில்டிங்?" என்று கேட்டான் ஸ்பேனர்.

"என்னைக் கேட்டா? நீதானே சொன்னே!" என்று எரிந்து விழுந்தான் ஸ்பேனர்.

செல்போனை மூக்குக்கு அருகே பிடித்து மறுபடி படித்தார் மேனேஜர். லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் மெக்கானிக்குகள் ஐந்து பேர். புது ஆப்பில் அந்த ஐந்து பேருக்கும் ஒரே பெயர்.

"டேய், என்னடா கூத்து இது?" ஒர்க்‌ஷாப்புக்கே போய் உலுக்கினார்.

"பாஸ்வேர்டுல பெரிய எழுத்து வேணும், சின்ன எழுத்து வேணும், நம்பர் வேணும்னு பாடாப் படுத்திடுச்சு சார். நான் ஒருத்தன்தான் தேறினேன். பாவமேன்னு எல்லாருக்கும் என்னோடதையே குடுத்துட்டேன்" என்றான் அசல் ஸ்பேனர், வள்ளலின் அடக்கத்தோடு.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். போனில் கூப்பிட்டோமா, வேலையைச் சொன்னோமா என்று நிம்மதியாக ஓடிய கம்பெனி. முதலாளி மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை ஆபீசுக்கு வரத் தொடங்கியதும்தான் வந்தது வினை.

"மாப்பிள்ளை படிச்சவர். இன்னும் போன்லயே கத்திக்கிட்டிருந்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பார்?" என்று முதலாளி அழைத்துச் சொன்னார். "டீம் பேசிக்க ஒரு ஆப் பாருங்க. நம்ம பசங்களுக்குப் புரியற மாதிரி, எளிமையா. மாப்பிள்ளையும் அதுலயே இருக்கட்டும், தொழில் பிடிபடும்."

தொழில் பிடிபட்டால் அடுத்து எது பிடிபடும் என்று மேனேஜரின் மனைவிக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

"அவர் உங்க நாற்காலியில உட்கார்ந்தாரா?"

"ஒரு தடவை."

"சாஞ்சாரா?"

"சாஞ்சு, ஒரு சுத்தும் சுத்தினார்."

"அப்ப முடிஞ்சுது போங்க! ஒழுங்கா அந்த ஆப்பை ஓட்டிக் காட்டுங்க. இல்லேன்னா வீட்டோட இருந்து என் சமையலுக்குக் குத்தம் சொல்லிட்டிருப்பீங்க. எனக்குத் தாங்காது."

மேனேஜர் இரண்டாவது ஆப்பைக் கொண்டுவந்தார். இதில் பாஸ்வேர்டே கிடையாது. ஆளுக்கொரு பெயர். வேலைக்கு வேலை தனிக்குழு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லித் தொலைத்தார்.

அந்த வாரமே கதவுக்கு ஒரு குழு, கயிற்றுக்கு ஒரு குழு, மோட்டாருக்கு ஒரு குழு என்று முளைத்தன. கயிறு அறுந்து கதவும் சிக்கிக்கொண்டால் எங்கே சொல்வது என்று தகராறு வந்தது. எதை எந்தக் குழுவில் கேட்க வேண்டும் என்று கேட்பதற்காக நெட்டை என்ற மெக்கானிக் ஒரு குழு தொடங்கினான். அதில்தான் கூட்டம் அலைமோதியது.

எல்லாக் குழுவிலும் மாப்பிள்ளையைச் சேர்த்திருந்தார்கள். மரியாதை.

"இன்னும் கொஞ்சம் எளிமையா இருந்தா தேவலை சார்" என்றார் மாப்பிள்ளை ஒருநாள், தணிந்த குரலில். சொல்லிவிட்டு மேனேஜரின் நாற்காலியை ஒரு பார்வை வேறு பார்த்தார். மேனேஜர் அன்றிரவே அடுத்த ஆப்பைத் தேடினார்.

மூன்றாவது ஆப்பில் அவர் ஒரே சட்டம்தான் போட்டார். "யாரும் எதுவும் எழுதக் கூடாது. நான் மட்டும்தான் எழுதுவேன். பார்த்தவன் ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கணும். புரிஞ்சுதா?"

ஐந்து கட்டைவிரல்கள் விழுந்தன. அடடா, எளிமை! மேனேஜர் அன்று நாற்காலியில் சாய்ந்து தானும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

மறுநாள் மத்தியானம் ஒரு குடியிருப்பிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தாள். "லிஃப்ட் பாதியில நிக்குது. உள்ள யாரோ முனகற மாதிரி கேட்குது. காய்கறிப் பையோட நிக்கறேன், சீக்கிரம் ஆளனுப்புங்க!"

மேனேஜர் உடனே ஆப்பில் போட்டார். டக் டக்கென்று ஐந்து கட்டைவிரல்கள். பெருமையாகக் காபி குடித்தார். இரண்டாவது காபிக்கு முன்னால் அந்த அம்மாள் மறுபடியும் கூப்பிட்டாள். "காய் வாடிடும் போலிருக்கு, ஒருத்தரையும் காணோமே!"

அவர் பதறிப்போய் ஸ்பேனரைப் போனில் பிடித்தார். "எங்கடா இருக்கே?"

"சாப்பிட்டுட்டிருக்கேன் சார்."

"கட்டைவிரல் போட்டியேடா!"

"படிச்சிட்டேன்னு போட்டேன் சார். நெட்டையும் போட்டானே, அவன் போயிருப்பான்னு நினைச்சேன்."

ஸ்பேனர் போயிருப்பான் என்று நெட்டை நினைத்திருந்தான். மற்ற மூவரும் அந்த இருவரை நினைத்திருந்தார்கள்.

மேனேஜரே டூல்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாடியேறி, மெஷின் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கி, மூச்சு வாங்கக் கீழே வந்து கதவைத் திறந்தார்.

உள்ளே மாப்பிள்ளை. கலைந்த தலை, சிவந்த கண்கள். ஐயோ, அழுதிருக்கிறார்! வெளியே காலெடுத்து வைத்ததும் அவர் போன் டிங் டிங்கென்று அலறத் தொடங்கியது. மாப்பிள்ளை திடுக்கிட்டு வாசலைப் பார்த்து ஓடினார்.

மேனேஜர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுய்யா" என்றார் அங்கே நின்ற வாட்ச்மேனிடம். "முதலாளி வீட்டு மாப்பிள்ளையையே உள்ள மாட்டவிட்டுட்டோம். இனி என் நாற்காலி எனக்கில்லை."

"மாட்டிக்கிட்டாரா? நல்லா சொன்னீங்க!" என்றார் வாட்ச்மேன். "தினமும் இந்த நேரத்துக்கு வந்து, அவரே ஸ்டாப் பட்டனை அமுக்கிட்டுத் தூங்கறார் சார்! உங்க ஆப்புக்கு சிக்னல் எட்டாத இடம் ஊர்லயே இது ஒண்ணுதானாம், அந்த மேனேஜர் நாற்காலியை மாமனார் தன் தலையில கட்டிடுவாரோன்னு தூக்கத்துல கூட முனகறாரு!"