மோதிரம் போட்ட குரங்கு

உலகச் சிறுகதை விமரிசன வரலாற்றை இரண்டாகத்தான் பிரிக்க முடியும்: காவல் ஆய்வாளர் ஆறுமுகநயினார் பணி ஓய்வு பெறுவதற்கு முன்பு, பெற்றதற்குப் பின்பு. முன்பு நடந்ததெல்லாம் வெறும் யூகம். கதையைப் படிப்பார்கள், கண்ணை மூடி 'ஆஹா' என்பார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். கதைக்குள் என்ன நடந்தது, யார் செய்தது, பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கத்தான் 'தென்காசி வட்டார இலக்கியப் புலனாய்வு மன்றம்' தோன்றியது. தலைவர், நிறுவனர், ஒரே ஆய்வாளர் எல்லாம் நயினார்தான்.

மன்றத்தின் வழிமுறை எளிமையானது. பேராசிரியர்கள் களம், பாத்திரம், குறியீடு என்று மூன்றைச் சொல்லி ஊரைக் குழப்பி வைத்திருந்தார்கள். நயினார் அவற்றை நாலு பேருக்குப் புரிகிற தமிழுக்குக் கொண்டுவந்தார். களம் என்றால் சம்பவ இடம். பாத்திரம் என்றால் எதிரி, இல்லாவிட்டால் சாட்சி. இரண்டிலும் சேராதவர் கதையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குறியீடு என்றால் சான்றுப் பொருள். மூன்றும் சிக்கிவிட்டால் கதை முடிந்தது. சிக்காவிட்டால் கதாசிரியர் எதையோ மறைக்கிறார்.

இந்த வழிமுறையின் வெற்றிகள் கொஞ்சநஞ்சமல்ல. மழையில் அழுதுகொண்டே நடந்துபோகும் ஒரு சிறுவனைப் பற்றி அச்சன்புதூர் இளைஞர் ஒருவர் எழுதியிருந்தார். எல்லாரும் அந்த மழையில் உருகிக்கொண்டிருந்தபோது நயினார் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குடை எங்க?" அன்று சாயங்காலத்துக்குள் குடையைக் கொண்டுபோனது தாய்மாமன்தான் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தார். "எழுதும்போது எனக்கே தெரியாது, அண்ணாச்சி" என்று இளைஞர் நா தழுதழுக்க ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அவர் எழுதவில்லை. இலக்கியத்துக்கு மன்றம் ஆற்றிய தொண்டுகளில் இதுவும் அடங்கும்.

இந்த வருஷப் போட்டிக்குத் தலைப்பு, 'தொலைந்துபோன வெள்ளை மனசு'. சொன்னவர் செயலாளர் ராமசேஷன். மும்பையில் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். எதிலும் குறியீடு காண்பவர். கதையில் ஒருவர் தண்ணீர் குடித்தால் அது தாய்மை என்பார். குடிக்காவிட்டால் தாய்மையின் மறுப்பு என்பார். தலைப்பு நயினாருக்கு உடனே பிடித்துவிட்டது. "தொலைஞ்சது எதுவானாலும் அது நம்ம எல்லைதான்" என்று ஒப்புதல் அளித்தார்.

விதிகளையும் அவரே வகுத்தார். கதாசிரியர் பெயரைத் தனி உறைக்குள் வைத்து ஒட்டியிருக்க வேண்டும், சிபாரிசுக்கு இடமில்லை. இறுதிச் சுற்றுக் கதையைத் தலைவர் முன்கூட்டிப் படிக்க மாட்டார். அது சாட்சியை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுப்பதற்குச் சமம். எல்லாவற்றுக்கும் மேலாக விதி எண் நான்கு: கதை முடிவதற்குள் வெள்ளை மனசு தொலைந்திருக்க வேண்டும். தொலையாத கதைகள் தள்ளுபடி.

இறுதிச் சுற்று ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை கூடியது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் இலக்கியத்துக்குக் கிடைத்தது. வெளியே சாரல். ஊரில் பாதிப் பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் சுக்குக்காபியும் பருப்பு வடையும் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் நல்ல கூட்டம்.

முன்வரிசையில் நயினாரின் மனைவி சொக்கம்மாள். அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். வராமல் இருக்க முடியாது. அதிசயம் கடைசி வரிசையில் இருந்தது. மகள் உமா மகேஸ்வரி வந்திருந்தாள். இலத்தூரில் கணக்கு டீச்சர். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் எட்டிப் பார்த்ததில்லை. "கதைன்னா சிரிப்பு வரணும், இல்ல அழுக வரணும் எப்பா. நீங்க போலீஸ் மகஜருல்லா எழுதுதீங்க" என்று சொன்னவள். அது நயினாருக்கு உள்ளே முள்ளாகக் கிடந்தது. எத்தனையோ மேலதிகாரிகள் அவரைப் பாராட்டியிருக்கிறார்கள். இவள் ஒருத்தி பாராட்டவில்லை. இன்றைக்கு அவள் பக்கத்தில் இருப்பவளிடம் 'எங்கப்பா' என்று ஒரு தடவை பெருமையாகச் சொல்லிவிட்டால் போதும், வேறு விருது வேண்டாம் என்று அவருக்கு இருந்தது.

ராமசேஷன் கதையை வாசித்தார். தலைப்பு, 'மோதிரம் போட்ட குரங்கு'.

கதையில் பொன்னி என்று ஒரு சிறுமி. அவள் அப்பா ஐந்தருவியில் வனக்காவலர். சீசனில் ஒருநாள் பெண்கள் குளிக்கிற பக்கத்தில் கல்லிடுக்கில் கிடந்த பச்சைக்கல் மோதிரம் ஒன்றைப் பொன்னி கண்டெடுக்கிறாள். ஓடிப்போய் அப்பாவிடம் கொடுக்கிறாள். அப்பா அவள் தலையைத் தடவி, உரியவரிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மேசைமேல் வைத்திருந்தேன், குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்கிறார்.

இந்த இடத்தில் சொக்கம்மாள் இருமினார். நயினார் கைகாட்டி, அவருக்கு ஒரு சுக்குக்காபி கொடுக்கச் சொன்னார்.

அந்த சீசன் முழுக்கப் பொன்னி குரங்குகளின் விரல்களையே பார்த்துக்கொண்டு திரிகிறாள். உள்ளங்கை விரிந்தால்தானே தெரியும் என்று வேர்க்கடலை வாங்கி நீட்டுகிறாள். ஒன்றின் கையிலும் மோதிரம் இல்லை. பிறகு அப்பாவின் மேலதிகாரி வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து. குடும்பத்தோடு போகிறார்கள். பார்த்தால் குழந்தையின் விரலில் அதே மாதிரிப் பச்சைக்கல் மோதிரம், நூல் சுற்றி இறுக்கிப் போட்டிருக்கிறார்கள். பொன்னிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குரங்கு நல்ல வீடாகப் பார்த்துத்தான் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாள். அதற்கப்புறமும் அவள் குரங்குகளுக்குக் கடலை கொடுக்கிறாள். இப்போது தேடுவதற்காக அல்ல, நன்றிக்காக. கதை முடிந்தது.

ராமசேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கதை பிரமாதம் சார். குரங்குங்கறது அலைபாயற மனசு. மோதிரம்ங்கறது பந்தம். அருவிதான் காலம். எல்லாம் சரி. ஆனா விதி நாலு இடிக்கறதே! இதுல மோதிரம்தான் தொலைஞ்சிருக்கு. வெள்ளை மனசு அப்படியே பத்திரமா இருக்கே? தள்ளுபடி பண்ணிடலாமா?"

நயினார் கடைசி வரிசையைப் பார்த்தார். உமா மகேஸ்வரியின் முகம் வாடிப்போயிருந்தது. இந்தக் கதை இவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். முடிவு சரி, காரணத்தைத்தான் அவர் விசாரிக்கவில்லை. மகளுக்குப் பிடித்த கதையை மகள் கண்முன்னே காப்பாற்றிக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்? எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார்.

"ராமசேஷன் சார், வெள்ளை மனசு தொலைஞ்சாச்சு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான். பஸ்ல பர்ஸ் போனது வீட்டுக்கு வந்த பெறவுதான தெரியுது? அதுக்காவ பிக்பாக்கெட்டே நடக்கலன்னு ஆயிருமா?"

பலத்த கைதட்டல்.

"மொதல்ல சம்பவ இடம். நான் ஐந்தருவியில சீசன் டூட்டி பாத்தவன். அங்கன உள்ள குரங்கு திங்கிற சாமானத்தான் தூக்கும். தப்பித்தவறிக் கண்ணாடிய எடுத்துட்டாலும், வாழைப்பழத்தக் காட்டுனா அத வாங்கிக்கிட்டு இதப் போட்டுட்டுப் போயிரும். யாவாரம் தெரியாத குரங்கு குத்தாலத்துல கிடையாது. மோதிரத்த எடுத்தா ஒரு கடி கடிச்சுப் பாத்துட்டுத் துப்பிரும். ஆக, குரங்கு எடுக்கல."

"அப்போ குரங்கு எதுக்குக் குறியீடு சார்?"

"எதுக்கும் இல்ல. அது பொய்க்கேஸ்ல மாட்டுன அப்பாவி. வாயில்லாத ஜீவன்லா, மேல்முறையீட்டுக்கும் போவாதுன்னு மாட்டி விட்டுட்டாங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சொக்கம்மாள் மறுபடியும் இருமினார். அவருக்கு இன்னொரு சுக்குக்காபி வந்தது.

"அடுத்து எதிரி. இந்த அப்பா வனக்காவலரே கிடையாது. கதையில ஒரு வரி வருது, கவனிச்சீங்களா? வீட்டுக்கு வந்ததும் தொப்பிய ஒரு நாற்காலியில வைக்காரு. அந்த நாற்காலியில வீட்ல யாரும் உக்காரக் கூடாது. எந்த வனக்காவலர் வீட்லயாவது தொப்பிக்குத் தனி நாற்காலி உண்டுமா? இது போலீஸ்காரன் வீடு! எழுதுன ஆளு அந்த மனுசனக் காப்பாத்தணும்னு உத்தியோகத்த மாத்தியிருக்காங்க."

இரண்டாம் வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நயினார் வீட்டில் அப்படி ஒரு நாற்காலி இருப்பது தெருவுக்கே தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அதில் தொப்பிதான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பார்வையை நயினாரும் கவனித்தார். தன் திறமையைக் கண்டு வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று குறித்துக்கொண்டார்.

"போதும்ங்க. வந்து உக்காருங்க" என்றார் சொக்கம்மாள்.

"சும்மா இரு. விசாரணை நடக்கும்போது குறுக்க பேசக் கூடாது. கடைசியா, சான்றுப் பொருள். பிள்ளை விரல்ல மோதிரத்துக்கு நூல் சுத்தியிருக்கு. ஏன் சுத்தணும்? அது பெரிய ஆளு மோதிரம். கடையில வாங்குனா பிள்ளை அளவுக்குல்லா வாங்குவாங்க? ஆக, இது வாங்குனதில்ல, கிடைச்சது. போட்டது யாரு? ஏ-1, அதாவது முதல் எதிரி, இந்த அப்பன்தான். பெத்த பிள்ளை நம்பிக் கொடுத்த பொருள எடுத்து மேலதிகாரி பேரனுக்குப் போட்டிருக்கான். எதுக்கு? டிரான்ஸ்பருக்கு! சீசன் பூரா நனைஞ்சுக்கிட்டு விசில் ஊத எவனுக்குப் பிடிக்கும்? ஆவணியிலயே ஆர்டர் வந்திருக்கும். டவுன் ஸ்டேஷன், ரைட்டர் வேலை, மேசைக்கு மேல ஃபேன், அதுல ஒரு இறக்கை வளைஞ்சு டக்கு டக்குன்னு…"

நயினார் நின்றுவிட்டார்.

கதையில் ஆவணி இல்லை. ஆர்டர் இல்லை. ஃபேனும் இல்லை.

தான் பதிவு செய்த வழக்குகளின் எண்களை எல்லாம் அவர் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வார். பதிவு செய்யாதது மட்டும் அவர் நினைவில் நிற்பதில்லை; துறை கொடுத்த பயிற்சி அப்படி. இப்போது அது எண் எதுவும் இல்லாமல் தானாக எழுந்து வந்தது. ஈரப் பாவாடையோடு ஒரு பிள்ளை. நனைந்து சுருங்கிய சின்ன உள்ளங்கையில் பச்சைக்கல். 'யார் மோதிரமோ எப்பா, பாவம், தேடிக்கிட்டு இருப்பாங்க.' வெட்கத்தில் காது சுட்டது.

"ஆனாலும்" என்றார் நயினார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "குரங்கும் எடுத்திருக்கலாம்."

"அதெப்படி சார்?" புதிதாக மதம் மாறியவரின் வேகத்தோடு ராமசேஷன் எழுந்தார். "கடிச்சுப் பாத்துட்டுத் துப்பிடும்னு நீங்கதானே சொன்னேள்?"

"எல்லாக் குரங்கும் ஒண்ணு போல இருக்குமா? அந்த வருஷம் வந்த குரங்கு ஒரு மாதிரி…"

"எந்த வருஷம் சார்? கதையில வருஷமே இல்லையே!"

"இல்ல… இந்தக் குரங்கு, நீங்க சொன்ன மாதிரி, குறியீடா இருக்கலாம். அலைபாயுத மனசு…"

கூட்டம் மறுபடியும் சிரித்தது. தலைவர் செயலாளரைக் கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். ராமசேஷனோ இன்றைக்குத்தான் உண்மையான விமரிசனத்தைக் கண்டவர், விடுவதாக இல்லை.

"வேண்டாம் சார்! குறியீடு, மண்ணாங்கட்டி எல்லாம் இனிமே வேண்டாம். சம்பவ இடம், எதிரி, சான்றுப் பொருள், மூணும் பக்காவா பொருந்தறது. ஆட்சேபணையை நான் வாபஸ் வாங்கிக்கறேன். முதல் பரிசு இந்தக் கதைக்குத்தான்!" என்றபடி உறையைக் கிழித்தார். "எழுதினவா… உமா மகேஸ்வரி, இலத்தூர்."

கைதட்டல் பாதியில் நின்றது.

அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். லத்தியும் பேனாவும் குறுக்காக வைத்துத் தானே வரைந்து கொடுத்துச் செய்வித்த சுழற்கேடயத்தை நயினார் கையில் எடுத்தார். அதை நீட்டத் தெரியவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுதான் எழுதுனியாட்டி?" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இல்ல எப்பா. குரங்குன்னுதான் நெனச்சிருந்தேன். உங்க போட்டிக்கு ஒரு கதை எழுதி, பரிசு வாங்கி, உங்கள அசத்தணும்னு ஆச. அடையாளம் தெரிஞ்சா பாரபட்சம்னு ஊரு சொல்லுமேன்னுதான் உத்தியோகத்த மாத்துனேன்."

"நாப்பது வயசாவுதுல்லா உனக்கு. கணக்கு டீச்சரு. குரங்கு மோதிரத்தக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குப் போடுமான்னு ஒரு நாளுமா யோசிக்கல?"

"நீங்க சொன்னதுல்லா எப்பா. அதப் போய் எதுக்கு யோசிக்க?"

மற்ற ஊர் மன்றங்களில் வெள்ளை மனசு தொலைவதைப் பற்றிப் பேசுவார்கள், கட்டுரை வாசிப்பார்கள், தேநீர் குடித்துவிட்டுக் கலைவார்கள். அதைச் சபை முன்னிலையில், சாட்சிகளை வைத்துக்கொண்டு, கைதட்டலோடு நடத்திக் காட்டிய பெருமை தென்காசி மன்றம் ஒன்றுக்கே உண்டு.

உமா மகேஸ்வரி கேடயத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். போட்டோ எடுப்பவர் "சிரிங்க டீச்சர்" என்றார். அவள் சிரிக்கவும் செய்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம் எப்பா. விதி நாலுக்குள்ள கதை இப்ப வந்துட்டுல்லா?"